மாடு மீட்டவர்களின் கற்களைத் தேடி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பயணம்

மே 17, சனி: தர்மபுரி

தர்மபுரிக்குப் போகிறோம் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒகேனக்கல்லா என்றுதான். ஒகேனக்கல்லும் உண்டு. ஆனால் நாங்கள் கிளம்பியது நடுகற்களுக்காக, அதாவது சண்டையிலோ மாடு மீட்கும்போதோ இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களுக்காக. நாங்கள் என்றால் நானும் என் மாமாவும். மாமா கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் சேர்ந்த புதிதில் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளில் அலைந்து மாடுகளுக்கு ஊசி போட்டவர். நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள். சிற்பம் என்றாலே கருவறைச் சுவர், தேவகோட்டம், கோபுரம் என்று பார்த்துப் பழகிய கண். அரசன் கட்டாத, தெய்வத்துக்குச் செதுக்காத சிற்பங்கள் ஒரு மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன என்று மாமா பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலை பத்து மணிக்கே வெயில் முதுகில் குத்தியது. தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பல கிராமங்களிலிருந்து கொண்டுவந்த நடுகற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலானவை ஆள் உயரம்கூட இல்லை, சில இடுப்பளவுதான். சிற்பியின் நுணுக்கத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். பலகைக் கல்லில் மேடாகச் செதுக்கிய ஒரு மனிதன். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். காலை அகட்டிப் பாய்வதுபோல நிற்கிறான். சில கற்களில் அவன் உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. காலடியில் ஒரு கெண்டியும் (மூக்கு வைத்த கலம்) சிமிழும் இருக்கும். தலைக்கு மேல் சில வரி எழுத்து. பழைய கற்களில் அது வட்டெழுத்து, தமிழை எழுதிய பழைய எழுத்து வடிவம்.

அந்த வரிகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், இன்ன ஊர்த் தொறுவை இன்னார் கவர்ந்தபோது, அதை மீட்டு இறந்துபட்ட இன்னான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. அரசன் பெயர் ஆண்டைக் குறிப்பதற்காக மட்டும் வருகிறது. கல் யாருக்கு என்றால் அந்த மாட்டுக்காரனுக்குத்தான். பல்லவ அரசர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கற்களெல்லாம் இந்தப் பகுதியிலும் பக்கத்துச் செங்கம் பகுதியிலும் கிடைத்திருக்கின்றன. மாமல்லபுரத்தில் பல்லவர் பாறையைக் குடையத் தொடங்கிய அதே நூற்றாண்டில், இந்தக் காட்டோர ஊர்களில் யாரோ ஒரு கல்தச்சன் செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரனைச் செதுக்கியிருக்கிறான்! எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன்னும் விளக்கும் கொடுத்தவர்களின் பெயர் அங்கே கல்வெட்டில் இருக்கிறது, உருவம் இல்லை. இங்கே மாடு மேய்த்தவனுக்கு உருவமும் உண்டு, பெயரும் உண்டு.

காவலுக்கு இருந்த பெரியவர் எங்களைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுத் தானே வந்தார். "உச்சி வெயில்ல எழுத்துத் தெரியாதுங்க. சாயங்காலம் வெயில் சாஞ்ச பொறவு வாங்க, இல்லாட்டி போன் லைட்டைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க" என்றார். ஒரு கல்லின் ஓரத்தில் வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்ததும் அதுவரை சொரசொரப்பாக மட்டும் தெரிந்த இடத்தில் எழுத்துகள் எழும்பி வந்தன. கல்லைத் தொடாமல், தண்ணீர் தெளிக்காமல், சுண்ணாம்பு தடவாமல் படிக்க நல்ல வழி. அவரே அடுத்தடுத்த கற்களுக்கு எங்களைக் கூட்டிப்போனார். புலியோடு பொருதுகிறவன் ஒருத்தன். இன்னொன்று மூன்று அடுக்காகப் பிரிந்த பிற்காலக் கல்: கீழே சண்டை, நடுவே இரண்டு பெண்கள் வீரனை மேலே தூக்கிப் போகிறார்கள், உச்சியில் அவன் லிங்கத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

மாமா மனிதர்களைப் பார்க்கவே இல்லை. ஒரு கல்லின் அடியில் சின்னதாகச் செதுக்கியிருந்த மாடுகளிடம் குனிந்தபடி இருந்தார். "திமிலைப் பாரும்மா. கொம்பு பின்பக்கமா வளைஞ்சு போறதைப் பாரு. இது நம்ம ஆலம்பாடி மாதிரியே இல்ல?" என்றார். ஆலம்பாடி இந்தப் பக்கத்து நாட்டு மாட்டினம். அங்குல அளவில் செதுக்கிய மாட்டை வைத்து இனம் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் செதுக்கியவன் மாட்டைத் தினமும் பார்த்தவன் என்பது அந்தத் திமிலிலேயே தெரிந்தது.

மதியம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மெஸ். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு, ஐம்பது ரூபாய். நான் களியைச் சோறு போலப் பிசையப் பார்த்தேன். பரிமாறிய அக்கா "பிசையாதீங்க, கிள்ளிக் குழம்புல தோய்ச்சு அப்படியே முழுங்குங்க" என்று செய்தே காட்டினார். இரண்டாவது உருண்டைக்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் கோட்டைக் கோயிலுக்குப் போனோம். காமாட்சி அம்மன் சன்னதியின் அடித்தளத்தை யானைகள் தாங்கி நிற்கின்றன, அதற்கு மேலே ராமாயணக் காட்சிகள் பட்டையாக ஓடுகின்றன. அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் பார்த்தவை மனசில் நின்றதால் அங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை. இரவு எட்டு மணிக்கு இடி இறங்கியது, மின்சாரம் போனது. விடுதி அறையில் ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். மாமா வராந்தாவில் நாற்காலி போட்டு அதியமான் கதையைப் பேசினார். இந்த ஊர்தான் பழைய தகடூர். நெல்லிக்கனி கொடுத்ததை எல்லோரும் சொல்கிறோம். அதே ஒளவையார் அதியமான் இறந்த பிறகு அவனுடைய நடுகல்லைப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறிய கலத்தில் கள் வார்த்தால், நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். மாமா அதைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மே 18, ஞாயிறு: பென்னாகரம் பக்கம்

வாடகைக்கு ஒரு கார். ஓட்டுநர் தம்பி பாலக்கோட்டுக்காரர். நடுகல் பார்க்க வந்தோம் என்றதும் புரியாமல் பார்த்தவர், மாமா "வேடியப்பன் கோயில்பா" என்றதும் "அதைச் சொல்லுங்க, எங்க ஊர்லயே ரெண்டு இருக்கு" என்றார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் என்ற பெயரில் இன்றைக்கும் கும்பிடப்படுகின்றன. வேப்ப மரம், புளிய மரத்தடி, காட்டோரம், ஏரிக்கரை. பல இடங்களில் கூரைகூடக் கிடையாது.

மாமா தேடிய ஊர் பெரிய சாலையிலிருந்து விலகி உள்ளே இருந்தது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. புதையல் இருக்கும் என்று இந்தக் கற்களின் அடியைத் தோண்டுகிறவர்கள் நடமாட்டம் அவர்களுக்குப் பயமாக இருக்கிறது.

புளிய மரத்தடியில் அடுத்தடுத்து நிற்கும் கற்கள். எண்ணெய் பூசிப் பூசிக் கரேலென்று மின்னின. மஞ்சளும் குங்குமமும் அப்பிய இடத்தில் முகம் எது, எழுத்து எது என்று பிரிக்க முடியவில்லை. எதிரே சுடுமண் குதிரைகள், நட்டுவைத்த வேல்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும் வந்து செருப்பைத் தள்ளி விடச் சொன்னார். எழுத்து எண்ணெயில் மறைந்துவிட்டதே என்று நான் மெல்லக் கேட்டேன். "எண்ணெய் ஊத்தாம விட்டா எப்படி கண்ணு? வருஷம் பூரா வெயில்ல நிக்கறாரு" என்றார். மாடு கன்று போட்டால் முதல் சீம்பால் வேடியப்பனுக்குத்தானாம். மாட்டுப் பொங்கலன்று ஊர் மாடுகளை எல்லாம் ஓட்டிவந்து இந்தக் கல்லைச் சுற்ற வைப்பார்களாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மாட்டுக்காக ஒருவன் செத்தான் என்ற செய்தியே கை நழுவிப் போய்விட்டது. ஆனாலும் மாடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவனிடம்தான் வருகிறார்கள். கல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. பொருத்தமான கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவதுவரை. முதல் நாலும் ஒரு தடவை செய்து முடிகிற வேலை. படையலும் வாழ்த்தும் இந்த மரத்தடியில் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

அந்த அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தார். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கிள்ளிப் போட்ட மோர், எவர்சில்வர் சொம்பு நிறைய. காசு கொடுக்கப் போனதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. மாமா சமாளித்து, கட்டுத்தறியில் நின்ற கன்றுக்குட்டியின் வாயைப் பிரித்துப் பார்த்து, குடற்புழு மருந்துக்குப் பெயர் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தெருவே திரண்டு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் மாமா பழைய வேலைக்குத் திரும்பியிருந்தார்.

வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. செம்மண் பாதை பத்தே நிமிடத்தில் சேறாகி, காரின் பின் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் வீட்டிலிருந்து சோளத்தட்டைக் கட்டு கொண்டுவந்து சக்கரத்தடியில் திணித்தான். மற்றவர்கள் தள்ளினார்கள். நாலாவது உந்தலில் கார் ஏறியது, எல்லோர் மேலும் சேறு. கடையில் ஆளுக்கொரு குளிர்பானம் வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாங்க்கா, ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க" என்று மூத்தவன் தன் எண்ணைச் சொன்னான்.

மழை விட்ட பிறகு காட்டோரமாக ஒரு மந்தை வந்தது. இந்தத் தடவை உண்மையிலேயே ஆலம்பாடி. கருஞ்சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளை, பின்னால் சாய்ந்து வளைந்த கொம்பு. காவிரிக் கரையில் இருக்கும் ஆலம்பாடி ஊரின் பெயரால் வந்த இனம் இது. உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. டிராக்டர் வந்ததும் எண்ணிக்கை சரிந்தது. இந்த இனத்தைக் காப்பதற்காகக் காரிமங்கலம் அருகே பல்லேனஅள்ளியில் அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது.

மேய்த்து வந்த அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார். அவர் அப்பா காலத்தில் மாதக்கணக்கில் காட்டுக்குள்ளேயே பட்டி போட்டுத் தங்குவார்களாம். "இப்ப விடறதில்லீங்க. வெளிய மேய்ச்சல் நெலம் எங்க இருக்கு? தட்டு வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகுமா? வருஷத்துக்கு நாலு வித்துடறேன்." 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதியில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கியது. இந்தப் பக்கத்துக் காட்டில் பெரும்பகுதி இப்போது சரணாலயம்தான்.

காரில் திரும்பும்போது மாமாவும் நானும் இதைப் பற்றித்தான் பேசினோம். ஊர் மாட்டின் கோமாரியும் அடைப்பானும் காட்டெருதுக்கும் மானுக்கும் தொற்றும், புல்லுக்குப் போட்டி வரும், அதனால் தடையில் நியாயம் இருக்கிறது என்பது அவர் தொழில் அறிவு. ஆனால் ஆலம்பாடி உருவானதே காட்டு மேய்ச்சலில். தொழுவத்தில் கட்டிப் போட்டு இந்த இனத்தை எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்றும் அவரே கேட்டார். என் எண்ணம் இது: காட்டை மூடுகிறவர்கள், காட்டை நம்பி இருந்த மந்தைக்குக் காட்டுக்கு வெளியே புறம்போக்கில் மேய்ச்சல் நிலம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மூடியிருக்க வேண்டும்.

மே 19, திங்கள்: ஒகேனக்கல்

பென்னாகரம் தாண்டி இறங்கும் சாலை முழுக்கக் காடு. யானை கடக்கும் இடம் என்று பலகைகள். காரை நிறுத்தாதீர்கள், குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள் என்றும் பலகைகள். போடுகிறவர்கள் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

கர்நாடகப் பக்கம் மழை, அதனால் நீர்வரத்து கூடியிருக்கிறது என்று பரிசலை நிறுத்தியிருந்தார்கள். வேலூரிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம் பரிசல் துறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டது. அருவி கலங்கல் நீராகக் கொட்டியது. இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் விடாமல் கூப்பிட்டார்கள். மாமா உட்கார்ந்துவிட்டார், முந்நூறு ரூபாய். முடித்ததும் பத்து வயது குறைந்ததுபோல நடந்தார்.

பரிசல் இல்லாததால் கிடைத்த நேரத்தை மருத மரங்களுக்குக் கொடுத்தோம். ஆற்றோரம் நீர்மருது வானளாவ நிற்கிறது. அதன் உச்சியில் சருகும் குச்சியும் சேர்த்துக் கட்டிய பெரிய கூடுகள். முதலில் காக்கைக் கூடு என்று நினைத்தேன். அங்கே தேங்காய் விற்ற பாட்டி "அது அணில் கூடு" என்றார். அரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றதற்குப் பலன் கிடைத்தது. சாம்பல் நிறத்தில், பூனை அளவு, உடம்பைவிட நீளமான வால். ஒரு கிளையிலிருந்து அடுத்த மரத்துக்கு ஒரே தாவு. சாம்பல் நிற மலை அணில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது. கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது தரையிறங்காமல் நடமாட முடியும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்கு வழி அறுந்துவிடும்.

இந்தக் காட்டின் பாதுகாப்பு எல்லாம் சமீபத்தில் வந்ததுதான். காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல், ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். காவேரி தெற்கு 2022இல், ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரந்திருக்கின்றன. யானை, நாற்கொம்பு மான், நீர்நாய், மீன் கழுகு, மென்ஓட்டு ஆமை, முதலை என்று ஆற்றை நம்பிய உயிர்கள் இங்கே அதிகம். முதலைகளை அருகில் பார்க்க வனத்துறையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அசையாமல் வாயைத் திறந்து கிடந்தவற்றைச் சுற்றிக் குழந்தைகள் ஒரே சத்தம். "கல்லு போடாதீங்க, அதுக்கும் உசுரு இருக்கு" என்று ஒரு காவலர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமைக்கு அவரை வணங்க வேண்டும்.

சாப்பாடு: மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற அக்காக்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ கட்லா 220 ரூபாய், குழம்பும் வறுவலும் சேர்த்துச் சமையல் கூலி 200. அரைத்த மசாலாவைக் கண் முன்னே தடவி, விறகடுப்பில் இரும்புச் சட்டியில் வறுத்தார். பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த அந்த வேலூர்க் குடும்பத்துக்கு மீன் போதவில்லை, எங்களுக்கு மிஞ்சியது. அவர்களுடைய எலுமிச்சைச் சோறு எங்கள் இலைக்கு வந்தது. பரிசல் வருத்தம் அவர்களுக்கும் கொஞ்சம் தணிந்தது.

மே 20, செவ்வாய்: மல்லசந்திரம், கிருஷ்ணகிரி

விடியற்காலையில் கிளம்பினோம். கிருஷ்ணகிரி எல்லைக்குள் நுழைந்ததும் சாலைக்கு இருபுறமும் மாந்தோப்பு. சில குன்றுகள் ஒரு பக்கம் செங்குத்தாக அறுக்கப்பட்டு நிற்கின்றன, கிரானைட்டுக்காக. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு, தெரியும். ஆனால் இந்த மாவட்டத்துக் குன்றுகளில் பாறை ஓவியமும், இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களால் எடுத்த கல்திட்டையும் இருக்கின்றன. முன்கூட்டி முழுசாகப் பார்த்துப் பதிவு செய்யாமல் எந்தக் குன்றிலும் ரம்பம் வைக்கக் கூடாது. மயிலாடும்பாறை இதே மாவட்டம்தான். அங்கே கிடைத்த இரும்புக்காலச் சான்று கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட மண்.

மல்லசந்திரத்தில் பாறைக் குன்றின் மேல் ஏற வேண்டும். பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் எட்டரைக்கே பாறை சுட ஆரம்பித்துவிட்டது. மேலே போனதும் கண்ணுக்கு எட்டியவரை கல்வீடுகள். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பாறையை மூடி, ஒரு பலகையில் வட்டமாகத் துளையிட்டிருக்கிறார்கள். சிலவற்றைச் சுற்றி, மேல் பக்கம் அரைவட்டமாகச் செதுக்கிய உயரமான பலகைகள் நிற்கின்றன. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்கு எடுத்தவை இவை. சிலவற்றின் உட்புறத்தில் வெள்ளை நிறத்தில் வரைந்த உருவங்களும் உண்டு. பாண்டவர்கள் தங்கிய வீடு என்றும், குள்ள மனிதர்கள் இருந்த வீடு என்றும் ஊருக்கு ஊர் கதை சொல்கிறார்கள்.

நடுகல்லில் ஒருத்தன் தெரிகிறான். இங்கே உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் இத்தனை பெரிய மூடுகல்லை ஏற்ற எத்தனை பேர் தோள் கொடுத்திருக்க வேண்டும்! சில மூடுகற்கள் உடைந்து கிடந்தன. ஒன்றின் உள்ளே மது பாட்டில்கள். ஓட்டுநர் தம்பி யாரும் சொல்லாமலே அவற்றைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்.

இறங்கும் வழியில் மாமாவுக்கும் அவருக்கும் வாக்குவாதம். எல்லாக் கல்லையும் மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டால் பத்திரமாக இருக்குமே என்றார் தம்பி. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஏரி வெட்டும்போதோ சாலை போடும்போதோ அனாதையாகக் கிடைக்கிற கல்லைக் கொண்டுபோகட்டும், கும்பிட ஆள் இருக்கிற கல்லை அங்கேயே விடவேண்டும் என்றார். நான் மாமா பக்கம். அந்த மரத்தடிக்கு வேண்டியது ஒரு கூரை, எழுத்தைப் படியெடுத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி எழுதிய ஒரு பலகை. எண்ணெயைப் படத்தின் மேல் மட்டும் பூசிவிட்டு எழுத்தை விட்டுவிடுங்கள் என்று யாராவது பக்குவமாகச் சொன்னால் அந்த அம்மா கேட்காமல் போக மாட்டார். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம், "எங்க ஊர்க் கல்லுல எழுத்து இருக்குதா இல்லையான்னே நான் பார்த்ததில்லைங்க" என்றார்.

கிருஷ்ணகிரியில் மாம்பழ வேட்டை. தோத்தாபுரி பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போய்விடுகிறது. தின்பதற்குச் செந்தூரா கிலோ 60, அல்போன்சா 130. கடைக்கார அம்மா ஒவ்வொன்றையும் காம்புப் பக்கம் முகர்ந்து, நாளைக்குத் தின்ன, நாளை மறுநாள் தின்ன என்று தனித்தனிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

பேருந்து ஏறும்முன் மாமா அடுத்த பயணத்துக்கு இடம் சொல்லிவிட்டார்: திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர். தன் தலைவன் எருமை மந்தைக்காகப் பொருது இறந்தபோது கூட நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் சேர்த்துச் செதுக்கிய கல் அங்கே இருக்கிறது. ஓட்டுநர் தம்பியும் வருகிறாராம். அதற்குள் தன் ஊர் வேடியப்பன் கல்லைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து மாமாவுக்கு அனுப்புகிறேன் என்று எண் வாங்கிக்கொண்டு போனார்.